அடியில் தங்கும் கிளிசரோலை என்ன செய்யலாம்?

தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருப்பது இது. ஹட்டன் பக்கத்தில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, ஹோட்டல்களிலும் வடைக் கடைகளிலும் பாவித்துக் கழித்த எண்ணெயை வாங்கி, மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் சேர்த்து பயோடீசல் செய்கிறார்கள். டீசல் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு மண்டி தங்குகிறது. இப்போது அது நான்கு பரல் சேர்ந்துவிட்டது. அதில் இருப்பது கிளிசரோல் என்றும், ஊக்கி, அதாவது தான் செலவாகாமல் தாக்கத்தை விரைவாக்கும் பொருள், சேர்த்தால் அதை விலையுள்ள இரசாயனங்களாக மாற்றலாம் என்றும் படித்திருக்கிறார். "எந்த ஊக்கி அக்கா? அதை நாங்களே செய்யலாமா? முடியாதென்றால் தேயிலைக்கு ஊற்றிவிடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். ஊற்றாதீர்கள். தேயிலைக்கும் வேண்டாம், ஓடைக்கும் வேண்டாம். அந்த மண்டியில் காரம் இருக்கிறது. தேயிலையோ புளிப்பு மண்ணில் வாழும் செடி. கோஸ்டிக் சோடாவில் இருந்து வரும் சோடியம் மண்ணைக் கெடுக்கும். கிளிசரோலில் காபன் நிறைய உண்டு, நைதரசன் கிடையாது. அதைத் தின்னும் மண் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். செடிக்குப் போட்ட உரம் செடிக்குப் போய்ச் சேராது. ஓடையில் ஊற்றினால் இன்னும் மோசம். ஒரு கிலோ கிளிசரோல் முழுதாகச் சிதைய சுமார் 1.2 கிலோ ஒட்சிசன் தேவை. ஒரு லீட்டர் ஓடை நீரில் கரைந்திருப்பது ஏறக்குறைய 8 மில்லிகிராம்தான். அப்படியென்றால் ஒரே ஒரு கிலோ, சுமார் 150,000 லீட்டர் தண்ணீரின் ஒட்சிசனைக் குடித்துவிடக்கூடும். டிக்கோயா, நோர்வூட் பக்கத்து ஓடைகள் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகின்றன. அங்கிருந்து களனி கங்கை, அப்புறம் கொழும்பின் குடிநீர்க் குழாய். நம் மலையில் இருந்து இறங்கும் தண்ணீர் யாரோ ஒருவர் குடிக்கிற தண்ணீர்.

சரி, இனி ஊக்கிக்கு வருவோம்.

நான் டிக்கோயாவில் வளர்ந்தவள். அப்பா தோட்டத்து டீ பெக்டரியில் ரோலர் பக்கம் வேலை செய்தார். ஊக்கி என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே அதன் வேலையை நான் மணத்தால் அறிந்திருந்தேன். வாட்டிய கொழுந்தை ரோலரில் போட்டுக் கசக்கும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த நொதியமும் பொலிபீனோல்களும் காற்றோடு சேர்கின்றன. பச்சை இலை செம்பு நிறமாகிறது. அந்த மணம் எழும்புகிறது. அந்த நொதியம் இயற்கை தந்த ஊக்கி. எந்த நேரத்தில் டிரையருக்குள் தள்ளி அதை நிறுத்துகிறோம் என்பதில்தான் தேயிலையின் நிறமும் கடுப்பும் இருக்கிறது. அதே கொழுந்தை ஆரம்பத்திலேயே ஆவியில் காட்டி நொதியத்தைக் கொன்றுவிட்டால் கிடைப்பது பச்சைத் தேயிலை. இலை ஒன்றுதான். ஊக்கி எங்கே, எவ்வளவு நேரம் வேலை செய்தது என்பதில்தான் பொருள் மாறுகிறது.

கிளிசரோலும் அப்படி ஒரு கொழுந்துதான். அதன் மூலக்கூறில் மூன்று காபன்கள் வரிசையாக இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் ஓர் ஐதரொட்சில், அதாவது ஓர் ஒட்சிசனும் ஓர் ஐதரசனும் சேர்ந்த கூட்டு, தொங்குகிறது. ஓரத்தில் இரண்டு, நடுவில் ஒன்று. இந்த மூன்றும் தாக்கத்துக்குத் தயாராக நிற்கின்றன, அதுதான் அதன் பலம். அதுவே தொல்லையும்கூட. ஓரத்து ஐதரொட்சிலைக் கழற்றினால் ஒரு பொருள், நடுவில் உள்ளதைக் கழற்றினால் வேறு பொருள், காபன் சங்கிலியையே வெட்டினால் மூன்றாவது பொருள். ஊக்கி இல்லாமல் வெறுமனே சூடாக்கினால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நடந்து, கடைசியில் கருந்தாராகத்தான் மிஞ்சும். இத்தனை வழிகளில் ஒரே ஒரு வழியை மட்டும் திறந்துவிடுகிற ஊக்கியைத்தான் தேடுகிறார்கள்.

இந்தத் தேடல் சூடுபிடித்த கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நான்கு பரலும் அந்தக் கதையின் ஒரு துளி. கிளிசரோல் புதிய பொருள் அல்ல. 1779 இல் சுவீடனின் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே ஒலிவ் எண்ணெயை ஈய ஒட்சைட்டுடன் சூடாக்கியபோது கண்ட இனிப்பான திரவம் அது. நெடுங்காலம் சவர்க்காரம் செய்பவர்களின் துணைப்பொருளாகக் கிடைத்தது. தேவை கூடியபோது பெற்றோலியத்தில் இருந்தே அதைச் செய்தார்கள்: புரொப்பிலீனில் தொடங்கி, எபிகுளோரோஐதரின் என்ற இடைப்பொருள் வழியாகக் கிளிசரோலுக்கு வருவார்கள். 2000க்குப் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பயோடீசல் ஆலைகள் பெருகின. சாதாரண எண்ணெய் 100 கிலோவில் டீசல் எடுத்தால் ஏறக்குறைய 10 கிலோ கிளிசரோல் கூடவே வரும். சந்தை நிரம்பி வழிந்தது, விலை விழுந்தது. டெக்சஸில் பெற்றோலியத்தில் இருந்து கிளிசரோல் செய்துவந்த டௌ நிறுவனத்தின் ஆலை 2006 இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே சொல்வே நிறுவனம் பிரான்சில் அதே வழியைத் தலைகீழாக நடத்திக் காட்டியது: கிளிசரோலை ஐதரோகுளோரிக் அமிலத்துடன், ஒரு காபொட்சிலிக் அமிலத்தை ஊக்கியாக வைத்துத் தாக்கமுறச் செய்து, எபிகுளோரோஐதரின் எடுத்தார்கள். இது எபொக்சிப் பிசின்களுக்கு மூலப்பொருள். 2012 இல் தாய்லாந்தின் மாப் தா புட்டில் ஆண்டுக்கு 100,000 தொன் அளவில் அதற்கு ஓர் ஆலை எழும்பியது. ஒரு காலத்தில் எதிலிருந்து கிளிசரோல் செய்தார்களோ, அதையே இப்போது கிளிசரோலில் இருந்து செய்கிறார்கள்.

தம்பி கவனிக்க வேண்டிய ஒன்று: உங்களுடையது பெரும்பாலும் தேங்காய் எண்ணெய். அதன் கொழுப்பமிலச் சங்கிலிகள் குட்டையானவை, ஆகவே எண்ணெய் மூலக்கூறின் எடையில் கிளிசரோலின் பங்கு அதிகம். 100 கிலோ தேங்காய் எண்ணெயில் இருந்து 13, 14 கிலோ வரை கிளிசரோல் வரலாம். உங்கள் பரல்கள் இவ்வளவு சீக்கிரம் நிரம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் கணக்கைத் தவறாகப் போடவில்லை.

பெரிய ஆலைகள் போகும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது புரொப்பிலீன் கிளைக்கோலுக்குப் போகும் வழி. மருந்து, உணவு, பூச்சு, உறைபனி தடுக்கும் திரவம் என்று எல்லா இடத்திலும் பாவிக்கப்படும் பொருள் இது. கிளிசரோலில் இருந்து ஒரே ஒரு ஐதரொட்சிலைக் கழற்றினால் போதும். முதல் படியில் ஓரத்து ஐதரொட்சில் நீராக வெளியேறி அசெற்றோல் என்ற பொருள் உண்டாகிறது. இரண்டாம் படியில் அதில் ஐதரசன் ஏறி புரொப்பிலீன் கிளைக்கோல் ஆகிறது. இதற்குச் செம்பு ஏன் உகந்தது என்பதுதான் அழகு. நிக்கலும் ருதேனியமும் பலசாலிகள்; அவை காபனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையிலான பிணைப்பை வெட்டுவதோடு நிற்காமல் காபன் சங்கிலியையும் வெட்டிவிடும். அப்போது எதிலீன் கிளைக்கோல், மெதேன் என்று தேவையில்லாதவை வருகின்றன. செம்பு அவ்வளவு முரட்டுத்தனம் செய்யாது. காபன் சங்கிலியை விட்டுவிட்டு, கழற்ற வேண்டியதை மட்டும் கழற்றும். நல்ல கவ்வாத்துக்காரர் மாதிரி, எந்தக் கிளையை எடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் கேலன் சப்பஸ் இந்தத் தாக்கத்தைச் செம்புக் குரோமைட்டு ஊக்கியால், சுமார் 200 பாகை வெப்பத்தில், ஏறக்குறைய 14 வளிமண்டல அமுக்கத்தில் நடத்திக் காட்டினார். முன்பெல்லாம் இதற்கு மிக உயர்ந்த அமுக்கம் வேண்டியிருந்தது. 2006 இல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது இதற்குக் கிடைத்தது. 2011 இல் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் (ADM) நிறுவனம் அமெரிக்காவின் டெக்காட்டூரிலும், 2012 இல் ஒலியோன் நிறுவனம் பெல்ஜியத்திலும் கிளிசரோலில் இருந்து புரொப்பிலீன் கிளைக்கோல் எடுக்கும் ஆலைகளைத் தொடங்கின. கணக்கும் எளிது: 92 கிலோ கிளிசரோலுக்கு 2 கிலோ ஐதரசன் கொடுத்தால், ஒன்றும் வீணாகாவிட்டால், 76 கிலோ கிளைக்கோலும் 18 கிலோ தண்ணீரும் வரும்.

இந்த 2 கிலோ ஐதரசன்தான் உங்களுக்குக் கதவைச் சாத்துகிறது. 14 வளிமண்டல அமுக்கத்தில், 200 பாகை சூட்டில், ஐதரசன் வாயு. இதற்கான உருக்குக் கலனை மலையகத்து வேலைத்தளம் ஒன்றில் ஒட்டவைத்துச் செய்யலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். ஐதரசன் சில உருக்குகளுக்குள் புகுந்து அவற்றை நொறுங்கவைக்கும். வெடித்தால் கூரை மட்டும் போகாது.

இரண்டாவது வழி நீரகற்றல். அமில ஊக்கிகளின் மேல், 250 முதல் 320 பாகை வரையான சூட்டில், கிளிசரோல் ஆவியை ஓடவிட்டால் இரண்டு நீர் மூலக்கூறுகள் கழன்று அக்ரோலீன் உண்டாகும். சியோலைற்றுகள் என்ற நுண்துளைக் கனிமங்கள், தங்ஸ்தன் சேர்ந்த சேர்வைகள் இதற்கு நன்றாக வேலை செய்யும். அக்ரோலீனில் இருந்து அக்ரிலிக் அமிலமும், கோழித் தீவனத்தில் சேர்க்கும் மெதியோனினும் செய்யலாம். காகிதத்தில் அருமையான வழி. ஆனால் ஊக்கியின் நுண்துளைகளில் கரி படிந்து சில மணி நேரத்திலேயே அது சோர்ந்துவிடுகிறது. காற்று ஊதி, கரியை எரித்து, திரும்ப எழுப்ப வேண்டும். அப்புறம் மறுபடியும் கரி.

அக்ரோலீனை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். வடைச் சட்டியில் எண்ணெய் கருகும்போது கண்ணை எரித்து மூக்கைக் குத்தும் அந்தப் புகையில் இருப்பது அதுதான். நான் மாணவியாக இருந்தபோது, சரியாகச் சுத்தமாக்காத கிளிசரோலை வடித்து எடுக்கப் பார்த்தேன். கிளிசரோலின் கொதிநிலை 290 பாகை. அந்தச் சூட்டில் அது தானே சிதையத் தொடங்கும். உள்ளே மிஞ்சியிருந்த உப்பு அந்தச் சிதைவை இன்னும் விரைவாக்கியது. ஐந்து நிமிடத்தில் ஆய்வுகூடம் முழுக்க அந்தப் புகை. ஜன்னலைத் திறக்கவும் கண் தெரியவில்லை. அக்ரோலீன் வெறும் எரிச்சல் அல்ல, நுரையீரலைப் பாதிக்கும் நஞ்சு. ஆகையால் பரலில் உள்ளதைத் திறந்த தாச்சியில் காய்ச்சி இறுக்கலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொன், பிளாட்டினம் போன்ற உலோகத் துணிக்கைகளைக் காபன் மேல் தூவி, ஒட்சிசன் கொடுத்தால் கிளிசரிக் அமிலம் வரும். காரம் உள்ள கரைசலில் பொன் இதை மிக நேர்த்தியாகச் செய்யும். பிளாட்டினத்துடன் பிஸ்மத்து சேர்த்தால் நடு ஐதரொட்சில் ஒட்சியேறி டைஐதரொட்சிஅசெற்றோன் கிடைக்கும், தோலைக் கறுக்கவைக்கும் பூச்சுகளில் சேர்ப்பது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டுமேசிக் குழு 2002 இல், கிளிசரோல் போன்றவற்றை நீரிலேயே பிளாட்டினம் ஊக்கி கொண்டு உடைத்து ஐதரசன் எடுத்துக் காட்டியது. அசெற்றிக் அமிலத்துடன் சேர்த்தால் அசெற்றின்கள். எல்லாமே உண்மையில் நடப்பவை. ஆனால் இவற்றில் சில ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வரவில்லை, வந்தவை பெரிய ஆலைக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

இந்த எல்லா வழிக்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு. தம்பியின் கேள்வியில் விடுபட்டிருப்பது அதுதான். உங்கள் பரலில் இருப்பது இன்னும் கிளிசரோல் அல்ல. பாதியளவு கிளிசரோல் இருக்கலாம். மீதி மெதனோல், சவர்க்காரம், தண்ணீர், பிரியாத எண்ணெய், கோஸ்டிக் சோடா. அமில ஊக்கியில் இதைக் கொட்டினால் சோடியம் அதன் அமில இடங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும்; ஊக்கி அங்கேயே செத்துவிடும். உலோக ஊக்கிகளைக் குளோரைட்டும் கந்தகமும் நஞ்சூட்டும். சவர்க்காரம் நுண்துளைகளை அடைக்கும். எந்த ஊக்கியை வாங்குவது என்பதற்கு முன், எந்தக் கிளிசரோலைக் கொடுக்கப் போகிறோம் என்ற கேள்வி நிற்கிறது.

முதலில் மெதனோலை எடுக்க வேண்டும். கடல் மட்டத்தில் அது 64.7 பாகையில் கொதிக்கும். ஹட்டனின் உயரத்தில் இன்னும் சில பாகை முன்னதாகவே. மூடிய கலன், குளிர்விக்கும் குழாய், சுடுநீர்த் தொட்டி, இவ்வளவும் வேண்டும். அடுப்புத் தீ அருகிலேயே இருக்கக் கூடாது. மெதனோல் பகல் வெளிச்சத்தில் எரிந்தால் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு சிறு பட்டறையில், விறகடுப்பின் மேல் திறந்த பாத்திரத்தில் இதைச் செய்துகொண்டிருந்த பையனுக்குக் கை வெந்த பிறகுதான் தீப்பற்றியதே தெரிந்தது. அதன் ஆவியும் நஞ்சு. கண் பார்வையைப் பறிக்கும். முறையாகச் செய்தால் மெதனோலை மீட்டு, நீர் நீக்கி, அடுத்த தடவை டீசலுக்கே பாவிக்கலாம். முதல் இலாபம் இங்கேயே கைக்கு வரும்.

அடுத்தது அமிலம். கிளிசரோல் மண்டியில் மெதுவாக அமிலம் சேர்த்தால் சவர்க்காரம் உடைந்து கொழுப்பமிலமாக மேலே மிதக்கும்; உப்பு அடியில் படியும்; நடுவில் கிளிசரோல் நிற்கும். இங்கே ஒரு யோசனை சொல்கிறேன், மலையகத்துக்கென்றே பொருந்துவது. டீசல் செய்யும்போது கோஸ்டிக் சோடாவை விட்டுவிட்டு பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக்கு மாறுங்கள்; அமிலமாக பொசுபோரிக் அமிலத்தைப் பாவியுங்கள். அப்போது அடியில் படிவது பொற்றாசியம் பொசுபேற்று. பொற்றாசியமும் பொசுபரசும் இரண்டுமே பயிருக்கு உரம். மெதனோல் போக்கி, கழுவி, காயவைத்து, அளவோடு மரக்கறித் தோட்டத்துக்குப் போடலாம். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் கழிவாகக் கிடந்த உப்பு, உரமாகிவிடுகிறது.

பிறகு வடிகட்டி, சிரட்டைக் கரியில் இருந்து செய்த உயிர்ப்பூட்டிய கரியின் ஊடாக ஓடவிட்டால் நிறம் இறங்கும். அந்தக் கரி நம் நாடு உலகுக்கே ஏற்றுமதி செய்யும் பொருள், கிடைப்பது கஷ்டமில்லை. இந்த அளவில் உங்களிடம் இருப்பது 80 வீதத்துக்கு மேல் தூய்மையான தொழில்நுட்பத் தரக் கிளிசரோல். இதை யாருடைய தோலுக்கும், உணவுக்கும், மருந்துக்கும் கொடுக்கக் கூடாது. 2006 இல் பனாமாவில் கிளிசரின் என்ற பெயரில் வந்த டைஎதிலீன் கிளைக்கோல் இருமல் மருந்தில் கலந்து பல உயிர்கள் போயின. உங்கள் பரலில் அந்த நஞ்சு இல்லை, ஆனால் மெதனோல் இருக்கலாம். "கிளிசரின்" என்ற பெயர் எழுதிய போத்தலை நம்பித்தான் மக்கள் வாங்குகிறார்கள்; அந்த நம்பிக்கையோடு விளையாட முடியாது.

இப்போது, நம் எல்லைக்குள் இருக்கும் ஊக்கி வழி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

தோட்டங்களில் கவ்வாத்துக் காலத்தில் மலைக்கு டொலமைட் தூவுவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணின் புளிப்பு அளவு மீறிப் போகாமல் இருக்கப் போடும் வெள்ளைத் தூள். கண்டி, மாத்தளைப் பக்கத்துக் கற்குழிகளில் இருந்து வருவது. கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த காபனேற்று அது. இதை 800, 900 பாகை சூட்டில் சில மணி நேரம் சுட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறி, கல்சியம் ஒட்சைட்டும் மக்னீசியம் ஒட்சைட்டும் பின்னிப் பிணைந்த தூள் மிஞ்சும். அது ஒரு நல்ல திண்ம மூல ஊக்கி, அதாவது காரத்தன்மையுள்ள, கட்டியான ஊக்கி. பொன்னும் வேண்டாம், பிளாட்டினமும் வேண்டாம். சுண்ணாம்புச் சூளையின் சூடு போதும்.

இதைக் கொண்டு கிளிசரோலை, டைமெதில் காபனேற்று என்ற திரவத்துடன் 75 பாகை அளவில் கலக்கினால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் கிளிசரோல் காபனேற்று உண்டாகும். வளிமண்டல அமுக்கமே போதும். 92 கிலோ கிளிசரோலும் 90 கிலோ டைமெதில் காபனேற்றும் சேர்ந்தால் 118 கிலோ கிளிசரோல் காபனேற்று, கூடவே 64 கிலோ மெதனோல். அந்த மெதனோல் உங்கள் டீசல் கலனுக்கே திரும்பிப் போகலாம். கிளிசரோல் காபனேற்று நஞ்சு குறைந்த, ஆவியாகாத கரைப்பான். பூச்சு, பிசின், மின்கல ஆய்வுகளில் இடம்பிடித்திருக்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். டைமெதில் காபனேற்றை இறக்குமதி செய்ய வேண்டும், அது எளிதில் தீப்பற்றும். கல்சியம் ஒட்சைட்டில் ஒரு பகுதி கிளிசரோலிலேயே கரைந்து, கல்சியம் கிளிசரொட்சைட்டு என்ற வேறொன்றாகிவிடும். அதுவும் ஊக்கியாக வேலை செய்யும் என்றாலும் வடிகட்டி முழுதாக மீட்க முடியாது. கிளிசரோலில் தண்ணீர் இருந்தால் தாக்கம் தளர்ந்துவிடும். இன்னொன்று நம் ஊருக்கே உரியது: சுட்ட டொலமைட் காற்றில் உள்ள ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் உறிஞ்சித் திரும்பவும் பழைய நிலைக்குப் போகப் பார்க்கும். பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் ஊரில் அதைத் திறந்து வைத்தால் மறுநாள் காலை ஊக்கி இருக்காது. சூளையில் இருந்து எடுத்ததும் சூடாகவே இறுக்கமான கலனில் அடைக்க வேண்டும்.

இன்னொரு எளிய வழி சொல்கெற்றால். கிளிசரோலையும் அசெற்றோனையும் அமிலப் பிசின் ஊக்கி மேல் மெல்லிய சூட்டில் கலக்கினால் வரும் திரவம், கரைப்பானாகவும் எரிபொருளில் சேர்ப்பதற்கும் உதவும். தாக்கத்தில் தண்ணீரும் உண்டாவதால் பாதியில் நின்றுவிடும்; அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சோடியம் உப்பு மிஞ்சிய கிளிசரோலை இதில் ஊற்றினால் பிசின் முதல் நாளே போய்விடும். சுத்தமாக்கும் பாடத்தை ஒரே தடவையில் மனதில் பதியவைக்கும் தாக்கம் இது.

இதையெல்லாம் விற்பனைக்கு என்று தொடங்காதீர்கள் தம்பி. நூறு கிராம் அளவில், ஆய்வுகூடத்தில், படிப்பதற்காகச் செய்யுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் ஊர் டொலமைட், நம் ஊர் கிளிசரோல், இதைவிடப் பொருத்தமான ஆய்வுத் தலைப்பு அவர்களுக்குக் கிடைக்குமா?

எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு. கிளிசரோலின் பெறுமதி, அது உண்டான பிறகு தீர்மானிக்கப்படுவதில்லை. டீசல் செய்யும் ஊக்கியை (உங்களுடையது கோஸ்டிக் சோடா) தெரிவு செய்யும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. பிரான்சின் செத் நகரில் 2006 இல் தொடங்கிய ஆலை கோஸ்டிக் சோடாவைக் கைவிட்டு, நாகமும் அலுமினியமும் சேர்ந்த திண்ம ஒட்சைட்டை ஊக்கியாக வைத்தது. எண்ணெயும் மெதனோலும் அந்த ஊக்கிப் படுக்கையின் ஊடாக ஓடுகின்றன. கரைந்து கலக்கும் காரம் இல்லை, ஆகவே சவர்க்காரமும் உப்பும் இல்லை. அங்கே வரும் கிளிசரோல் 98 வீதம் தூய்மை. நீங்கள் அடியில் எடுப்பதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் ஊக்கி கரைந்ததா, கரையாததா என்பதில் இருக்கிறது. அந்த ஆலையின் சூடும் அமுக்கமும் நமக்கு எட்டாது. ஆனால் சுட்ட டொலமைட்டை டீசல் தாக்கத்துக்கே ஊக்கியாகச் சிறு அளவில் சோதித்துப் பார்க்க முடியும். ஒரு தடை: பாவித்த எண்ணெயில் சுயாதீனக் கொழுப்பமிலம் (எண்ணெய் மூலக்கூறில் இருந்து பிரிந்து நிற்கும் கொழுப்பமிலம்) அதிகம் இருந்தால் அது கல்சியத்துடன் சேர்ந்து கல்சியம் சவர்க்காரம் ஆகிவிடும். எண்ணெயை முதலில் அளந்து, அமிலம் ஒரு வீதத்துக்கு மேல் இருந்தால் அமில ஊக்கி கொண்டு அதை எஸ்தராக்கிவிட்டு, அதன் பிறகுதான் டொலமைட்டுக்கு வர வேண்டும்.

அதுவரைக்கும் இந்த நான்கு பரலுக்கு என்ன வழி? மாட்டுச்சாண எரிவாயுத் தொட்டி. தோட்டத்து லயன் குடியிருப்பின் ஓரத்தில் மாடு வளர்க்கும் வீடுகளில் அப்படி ஒன்று இருந்தால், மெதனோல் போக்கி நடுநிலையாக்கிய கிளிசரோலைச் சாணக் கரைசலின் அளவில் நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்துப் பாருங்கள். அந்த நுண்ணுயிர்களுக்குக் கிளிசரோல் நல்ல தீனி, வாயு கூடும். வாயு நன்றாக வருகிறதே என்று அள்ளி ஊற்றினால் தொட்டி புளித்து, அமிலம் ஏறி, வாயு அடியோடு நின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கூட்டினால் போதும். மிஞ்சிய சவர்க்காரப் பகுதியைத் தரை கழுவப் பாவிக்கலாம், அதுவும் மெதனோல் போன பிறகுதான்.

பருவமழை தொடங்குவதற்கு முன் பரல்களின் மூடியை இறுக்குங்கள். கிளிசரோல் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் முதல் பரலில் இருந்து ஒரு லீட்டர் எடுத்து, நிறை, பீஎச் பெறுமானம், 70 பாகை வரை சூடாக்கிய பிறகு குளிர்விப்பானில் சேர்ந்த மெதனோலின் அளவு, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். எவ்வளவு பொசுபோரிக் அமிலம் சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.